மூன்று நீர்களும் ஒரு மீன்தொட்டியும்

மண்ணில் பயிரிடுவதைவிட 90 விழுக்காடு நீர் மிச்சம். அக்வாபோனிக்ஸ் எனப்படும் மீன்–பயிர் ஒருங்கு வளர்ப்பைப் பற்றிப் பேசத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இந்த எண்ணைத்தான் முதலில் எடுத்து வைப்பார்கள். ஜோத்பூரில் வாடகை வீட்டின் கொல்லைப்புறத்தில் நான்கு ஆண்டுகளாக இம்முறையில் கீரையும் மீனும் வளர்த்துவருகிறேன். அந்த எண் பொய் என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. அது எந்த நீரைப் பற்றிப் பேசுகிறது என்று கேட்கத் தோன்றியிருக்கிறது. மார்வாரின் பழைய நீர்நிலைகளைப் பற்றிய ஆய்வுக்காகத்தான் இவ்வூருக்கு வந்தேன். கொல்லைத் தொட்டிக்கும் ஆய்வுக்கும் தொடர்பில்லை என்றே முதலில் இரண்டையும் தனித்தனிக் குறிப்பேடுகளில் எழுதிவந்தேன். இப்போது இரண்டும் ஒரே குறிப்பேட்டில் இருக்கின்றன. பாலையில் இதைச் செய்துபார்க்க விரும்பும் மாணவ நண்பர்கள் சிலர் விவரம் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

அமைப்பு எளியது. ரசாயனம், எண்ணெய் முதலியவற்றை ஏற்றிவரும் இரும்புக் கூண்டுத் தொட்டிகள் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். அவற்றில் கிளிசரின் ஏற்றி வந்த ஒன்றை வாங்கி, மேற்பகுதியை அறுத்துக் கவிழ்த்துப் பாத்தியாக்கினேன், கீழ்ப்பகுதி மீன்களுக்கு. தனியே வாங்கிய நீர்த்தேக்கக் கலமொன்றும் இரண்டாவது பாத்தியும் சேர்ந்து ஏறக்குறைய 1,000 லிட்டர் நீர் சுற்றிக்கொண்டிருக்கிறது. பயிர்ப் பரப்பு இரண்டு சதுர மீட்டர். பாத்தியில் மண் இல்லை, கல் சல்லி மட்டுமே. இந்நகரம் செந்நிற மணற்கல்லால் கட்டப்பட்டது என்பதால் சல்லிக்குப் பஞ்சமில்லை. ஆனால் சுண்ணாம்புக்கல் கலந்திருந்தால் நீரின் காரத்தன்மை ஏறிவிடும். ஒரு கைப்பிடிச் சல்லியில் வினிகரை ஊற்றிப் பார்க்க வேண்டும். நுரைத்தால் அந்தக் குவியல் வேண்டாம். ஆய்வுக்கூடம் தேவையில்லாத சோதனை இது. கல் வியாபாரிக்கும் வேடிக்கையாக இருந்தது.

மீன் என்ன செய்கிறது, செடி என்ன செய்கிறது என்பதைச் சமூகவியலும் கல்வெட்டும் படிக்கும் நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. அது மீனுக்கே நஞ்சு. கற்களின் மேல் படரும் ஒருவகை நுண்ணுயிரிகள் அதை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட் செடிக்கு உணவு. செடி அதை எடுத்துக்கொள்ள, தெளிந்த நீர் மீனிடம் திரும்புகிறது. பாத்தி நிரம்புவதும் வடிகுழாய் வழியே சடாரென்று வடிவதுமாக நாள் முழுவதும் நடந்துகொண்டே இருக்கும். வடியும்போது கற்களிடையே காற்று புகுகிறது. நுண்ணுயிரிகள் உயிர்வாழ்வது அதனால்தான்.

இந்த முறையை ஒழுங்கான அறிவியலாக வளர்த்தவர்களில் முதன்மையானவர் ஜேம்ஸ் ராகோசி. கரீபியக் கடலில் உள்ள செயின்ட் குரோய் தீவில், வர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் 1980களில் தொடங்கிப் பல்லாண்டுகள் உழைத்தார். நன்னீர் அருமையான தீவு அது. நீரை மிச்சப்படுத்தும் எண்ணம் அங்கே எழுந்ததில் வியப்பில்லை. அவரது அமைப்பில் நாள்தோறும் மொத்த நீரில் ஏறக்குறைய 1.5 விழுக்காடு மட்டும் புதிதாகச் சேர்த்தால் போதுமானதாக இருந்தது. ஆனால் தீவின் காற்றில் கடலின் ஈரம் உண்டு. ஜோத்பூரில் ஆண்டு மழை சராசரியாக 360 மில்லிமீட்டர் அளவில்தான். திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஓராண்டில் ஆவியாகக்கூடியது அதைப் போலப் பல மடங்கு. 2016 மே 19 அன்று 51 டிகிரி செல்சியஸ் பதிவான பலோதி, இங்கிருந்து சில மணி நேரப் பயணத் தொலைவில்தான் இருக்கிறது. கையேட்டின் எண்களை அப்படியே இங்கே இறக்குமதி செய்வது, தஞ்சைக் கால்வாய்ப் பாசனக் கணக்கைக் கொண்டு இராமநாதபுரத்துக் கண்மாயை அளப்பது போன்றதுதான்.

வெயிலைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். மே மாதத்தில் மீன்கள் வெந்துபோகாதா என்பதுதான் முதல் கேள்வி. மே மாதம் உண்மையில் அவ்வளவு கொடியதன்று. காற்று உலர்ந்திருக்கும்வரை நீர் ஆவியாகித் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்கிறது. ஆயிரம் லிட்டர் நீரை ஒரு டிகிரி குளிர்விக்க ஏறக்குறைய 1.7 லிட்டர் நீர் ஆவியானால் போதும். பச்சை நிழல்வலை, தொட்டியின் பாதி உயரத்துக்குத் தரையில் பறித்த குழி, மேலே நனைத்த சாக்கு. இவ்வளவு இருந்தால் வெளியே அனல் வீசும்போதும் தொட்டி நீர் காற்றைவிடப் பத்து டிகிரிக்கு மேல் தணிந்தே இருக்கும். வெட்டிவேர்த் தட்டிக்கு நீர் தெளித்து அறையைக் குளிர்விக்கும் பழைய உத்திதான். தொல்லை தருவது சூலை. பருவமழைக்கு முந்தைய புழுக்கத்தில் காற்றின் ஈரம் ஏறிவிடும், ஆவியாதல் தளர்கிறது, வெப்பமானியில் காற்றின் எண் இறங்கினாலும் நீரின் எண் ஏறுகிறது. 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைக்கும் நீர், 35 டிகிரியில் ஏறக்குறைய 7 மில்லிகிராமைத்தான் தாங்கும். அதே வேளையில் வெப்பத்தால் மீனின் ஆக்சிஜன் தேவை கூடிவிடுகிறது. ஆந்தி எனப்படும் புழுதிப்புயல் வந்தால் மின்சாரமும் போகும். மின்கலத்தில் ஓடும் சிறிய காற்றேற்றி ஒன்று இல்லாமல் இவ்வூரில் மீன் வளர்க்கக் கூடாது. எக்கி நின்றாலும் காற்று நிற்கக் கூடாது.

வெப்பத்தோடு காரத்தன்மை சேரும்போது சிக்கல் வேறொரு வடிவம் எடுக்கிறது. நீரில் உள்ள அம்மோனியா முழுவதும் நஞ்சன்று; அதில் அயனியாகாத பகுதி மட்டுமே மீனைக் கொல்லும். 30 டிகிரி வெப்பத்தில், பி.எச். மதிப்பு 7 ஆக இருந்தால் அந்தப் பகுதி மொத்தத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. பி.எச். 8 ஆனால் ஏறக்குறைய ஏழரை விழுக்காடு. அதாவது, சோதனைக் குப்பியில் ஒரே நிறம் காட்டும் இரண்டு தொட்டிகளில் ஒன்றில் மீன் நீந்தும், மற்றொன்றில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். மேற்கு ராஜஸ்தானின் நிலத்தடி நீர் பெரும்பாலும் கடினமானது, காரமானது. செடிகளுக்கும் அது ஆகாது. காரம் ஏறிய நீரில் இரும்புச் சத்து இருந்தாலும் வேர் அதை எடுக்க முடியாது. இளந்தளிர்கள் வெளுத்து நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கும். காரநீருக்கென்று பிணைக்கப்பட்ட இரும்பு உரம் வேளாண் கடைகளில் கிடைக்கிறது. கடைக்காரர் முதலில் தருவது பெரும்பாலும் வேறு வகையாக இருக்கும். அது காரநீரில் சில நாள்களிலேயே வீழ்படிந்து பயனற்றுப் போகும். இ.டி.டி.எச்.ஏ. என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

இவையெல்லாம் தீர்க்கக்கூடிய சிக்கல்கள். தீராதது உப்பு.

ஆவியாகிப் போவது தூய நீர் மட்டுமே. அதில் கரைந்திருந்தவை தொட்டியிலேயே தங்கிவிடுகின்றன. இது பள்ளிப் பாடம். ஆயினும் நீர் மிச்சத்தைப் பற்றிய பேச்சில் இது ஏனோ விடுபட்டுப் போகிறது. கோடையில் என் தொட்டி நாளொன்றுக்கு 20 லிட்டர் இழக்கிறது. 50 நாளில் முழுத் தொட்டியளவு நீர் போய்ப் புதுநீர் வந்திருக்கும். லிட்டருக்கு 300 மில்லிகிராம் உப்புள்ள குழாய்நீரை ஊற்றினால், அந்த 50 நாளில் தொட்டி நீரின் ஒவ்வொரு லிட்டரிலும் 300 மில்லிகிராம் கூடும். லிட்டருக்கு 1,500 மில்லிகிராம் உள்ள ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றினால் 1,500 கூடும். ஊற்றிய நீரின் அளவு இரண்டிலும் ஒன்றுதான். 'மிச்சமான நீர்' என்ற கணக்கில் இரண்டும் ஒரே வரியில் நிற்கும்; தொட்டியிலோ ஒன்று தோட்டம், மற்றொன்று மெதுவாக நடக்கும் உப்பளம்.

செடிகள் உப்பை எடுத்துக்கொள்ளாவா என்று கேட்கலாம். எடுத்துக்கொள்ளும், தமக்கு வேண்டியதை. நைட்ரேட், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் ஆகியன போகின்றன. சோடியமும் குளோரைடும் பெரும்பகுதி தங்கிவிடுகின்றன. ஆகவே மின்கடத்துதிறன் கருவி காட்டும் எண்ணை மட்டும் நம்ப முடியாது. எண் மாறாமல் இருக்கும்போதே உள்ளிருக்கும் கலவை உணவிலிருந்து உப்பாக மாறிக்கொண்டிருக்கும். வேதியியல் அறியாத எனக்கு இதைப் புரியவைத்தது ஓர் ஆவணக் காப்பக அனுபவம்: மொத்த வருவாய் மாறாமல் இருக்கும் பழைய வரிக் கணக்குகளில், எந்த இனத்திலிருந்து வருகிறது என்று பார்த்தால் ஊரின் நிலைமையே தலைகீழாகியிருப்பது தெரியும்.

பயிர்த் தேர்வு இதில் ஓரளவு உதவும். இங்குச் சந்தையில் பாலக் என்று விற்கப்படும் கீரை பீட்ரூட்டின் இனம். அதன் காட்டு முன்னோர் கடலோரத்தில் வளர்ந்தது. ஆகவே சோடியத்துக்கு அது அஞ்சுவதில்லை. கோடையில் கொடிப்பசலையும் வள்ளல் கீரையும் நிற்கும். லெட்யூஸ் போன்றவை கார்த்திகைக்கு மேல் மாசிக்குள் வளர்த்து முடித்துவிட வேண்டியவை. உப்புக்கு அஞ்சாத பயிர் வைப்பது உப்பை எதிர்கொள்வதற்கான காலத்தை நீட்டித் தருமே தவிர, அதை நீக்காது.

இந்த இடத்தில்தான் என் ஆய்வுக் குறிப்பேடு கொல்லைக்குள் நுழைந்தது. அனுபம் மிஸ்ராவின் 'ராஜஸ்தான் கீ ரஜத் பூந்தேன்' 1995-இல் வெளிவந்தது. பாலை மக்களின் நீர் அறிவைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் நான் மிகுதியும் திரும்பத் திரும்பப் படித்த நூல் அது. பாலை மக்கள் நீரை மூன்றாகப் பிரிப்பதை அவர் விளக்குகிறார். வானிலிருந்து நேரே விழுந்து, ஓடியோ தேங்கியோ கைக்குக் கிடைப்பது பாலர் பானி. ஆழ்கிணற்றில் கிடைக்கும் நிலத்தடி நீர் பாதால் பானி. பெரும்பாலும் உப்புக் கரிக்கும். இவ்விரண்டுக்கும் இடையே, நிலத்தடியில் உள்ள ஜிப்சப் படுகை தடுத்து நிறுத்த, கீழிருக்கும் உப்புநீரோடு கலக்காமல் மணலில் ஈரமாக ஒட்டியிருப்பது ரெஜானி பானி. குறுகிய வாயுள்ள குயீ என்னும் கிணறுகளில் அது சொட்டுச் சொட்டாக ஊறிச் சேரும். நம் மொழியிலும் 'நல்ல தண்ணீர்', 'உப்புத் தண்ணீர்' என்று பிரித்துப் பேசுகிறோம்; இராமநாதபுரத்தில் குடிநீருக்கென்று ஊருணி தனியே உண்டு. ஆனால் நீரை அதன் பிறப்பால் இப்படி மூன்றாக வகுத்து, ஒவ்வொன்றையும் சேமிக்கத் தனித்தனிக் கட்டுமானம் கண்ட மொழி பாலையின் மொழிதான். அக்வாபோனிக்ஸ் கையேடுகளுக்கு நீர் ஒரே பொருள். அளவு மட்டுமே மாறும்.

பாலர் பானியில் உப்பு இல்லை. ஆகவே ஆவியானதை ஈடுசெய்ய மழைநீரையே ஊற்றினால் தொட்டியின் உப்பு ஏறாது. இதைக் கண்டுபிடிக்க அறிவுக்கூர்மை எதுவும் வேண்டியதில்லை. ஆனால் அந்த நீர் ஏற்கெனவே வேறொருவருடையது.

நான் குடியிருக்கும் வீட்டின் முற்றத்தின் கீழே ஒரு பழைய டாங்கா உண்டு. மொட்டைமாடி மழைநீர் முழுவதும் அதற்குள் இறங்கும். வீட்டு உரிமையாளரின் தாயார், தெருவே மாஜீசா என்று அழைக்கும் மூதாட்டி, குழாய்நீர் வந்த பிறகும் அந்த நீரையே குடிக்கிறார். பருவமழைக்கு முன் மாடி கழுவப்படும். முதல் மழை வெளியே விடப்படும். அதன்பின் மாடிக்கு ஒருவரும் செருப்போடு ஏறக் கூடாது. அந்த நீரை மீனுக்குத் தரலாமா என்று நான் கேட்டபோது அவர் கோபப்படவில்லை. "பேட்டா, மீன் குழாய்த் தண்ணியிலும் இருக்கும். நான் இருக்க மாட்டேன்" என்றார். மறுபேச்சுக்கு இடமில்லாத வாதம். முனைவர்ப்பட்ட வாய்மொழித் தேர்வில்கூட இவ்வளவு சுருக்கமாக என் கருத்துரையை எவரும் மறுத்ததில்லை.

கொல்லையில் விறகு போட்டிருந்த தகரக் கொட்டகை மட்டும் டாங்காவின் ஆட்சிக்கு வெளியே இருந்தது. அதன் கூரை 12 சதுர மீட்டர். 360 மில்லிமீட்டர் மழையில், சிதறலும் முதல் மழையும் கழித்தால், 3,500 லிட்டர் அளவில் கிடைக்கும். கோடை நான்கு மாதத்துக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர் வீதம் 2,400 லிட்டர் வேண்டும். மழை பொய்த்த ஆண்டைத் தவிர மற்ற ஆண்டுகளில் கணக்கு நேராகிவிடுகிறது. ஆடி ஆவணியில் பெய்வதைப் பங்குனிவரை காப்பதற்கு மூன்று கறுப்புத் தொட்டிகள், தகரத் தாழ்வாரக் குழாய், வாயில் துணி வடிகட்டி. செலவில் இதுவே பெரிது, மீன்தொட்டியைவிட அதிகம். முழுவதும் மழைநீராக ஊற்றுவதும் கூடாது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நுண்ணுயிரிகள் அம்மோனியாவை மாற்றும்போது அமிலம் பிறக்கிறது. ஒரு கிராம் அம்மோனிய நைட்ரஜனுக்கு ஏறக்குறைய ஏழு கிராம் சுண்ணாம்புக்கு ஈடான காரத்தன்மை செலவாகிறது. மழைநீரில் அந்த இருப்பு இல்லை. வாரம் ஒருமுறை இரண்டு வாளி ஆழ்துளை நீரைச் சேர்த்தால் பி.எச். 7-ஐ ஒட்டி நிற்கிறது. உப்புக்காக நாம் ஒதுக்கும் நீர் காரத்துக்காகத் தேவைப்படுகிறது.

இனி, குடக்கணக்கு.

இந்நகரத்தின் குழாய்நீர் இந்திரா காந்தி கால்வாயிலிருந்து, ராஜீவ் காந்தி ஏற்றுநீர்க் கால்வாய் வழியாக, கய்லானா ஏரிக்கு வந்து சேர்வது. பஞ்சாபில் சட்லெஜும் பியாசும் கூடும் ஹரிகேயில் அது பிரிகிறது. அதாவது என் மீன்கள் இமயத்து நீரில் நீந்துகின்றன. ஆண்டுதோறும் கோடையின் தொடக்கத்தில் சீரமைப்புக்காகக் கால்வாய் அடைக்கப்படும். நஹர்பந்தி என்று சொன்னால் இங்கே குழந்தைகளுக்கும் தெரியும். அந்த வாரங்களில் குழாய் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். சில தெருக்களில் அதுவும் இல்லை. டேங்கர் லாரிகள் வரும். லாரிகள் கொண்டுவருவது பெரும்பாலும் பாதால் பானி.

அத்தகைய ஒரு நாளில் மாஜீசா கொல்லைக்கு வந்து தொட்டியருகே நின்றார். வழக்கமாக அவர் வருவது மீனுக்குக் கோதுமை மாவு உருண்டை போடுவதற்கு. (நீர்நிலைகளில் மாவு உருண்டை இடுவது இங்கே புண்ணியம். தொட்டிக்கு அது கேடு. மாவு அழுகி ஆக்சிஜனை விழுங்கும். செவ்வாய்தோறும் அவர் கையில் பத்து மீன்தீவன உருண்டைகளை எண்ணிக் கொடுப்பது என்று எங்களுக்குள் உடன்பாடு.) அன்று உருண்டை கேட்கவில்லை. "இதில் எத்தனை குடம்?" என்று கேட்டார். குடத்துக்கு 15 லிட்டர் என்று கொண்டால் 66 குடம் என்றேன். அவர் தலையசைத்தார். இளவயதில் கிராமத்தில் எத்தனை கல் தொலைவிலிருந்து எத்தனை குடம் சுமந்தார் என்று எனக்குத் தெரியும். என் ஆய்வுக்கான நேர்காணலில் அவரே சொன்னது. அன்று அதைச் சொல்லவில்லை. "ஒரு கட்டுக் கீரைக்கு எத்தனை?" என்று மட்டும் கேட்டார்.

என்னிடம் விடை இருந்தது. தை மாதத்தில் தொட்டி நாளுக்கு எட்டு லிட்டர் இழக்கும்; இரண்டு நாளுக்கு ஒரு கட்டு. ஆகவே கட்டுக்கு ஒரு குடம். வைகாசியில் நாளுக்கு 20 லிட்டர், கட்டும் அதே இரண்டு நாளுக்கு ஒன்று. ஏறத்தாழ மூன்று குடம். சந்தையில் பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் கீரை. இந்த எண்களை வைத்துக்கொண்டு, வாய்க்காலில் நீரைப் பெருக்கிவிடும் பாசனத்தோடு ஒப்பிட்டு, பெரும் விழுக்காடு மிச்சம் என்று என்னால் ஒரு கட்டுரை எழுத முடியும். எவரும் குறை காண முடியாது. மாஜீசாவின் ஒப்பீட்டு அலகு வாய்க்கால் அன்று, குடம். ஒப்பிடப்படும் மறுமுனையை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதில்தான் விழுக்காடு பிறக்கிறது. ஆய்வு முறையியல் வகுப்பில் இதற்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குகிறோம்.

எல்லைக் கோட்டை எங்கே போடுவது என்பதும் அதே வகுப்பின் பாடம். என் கொல்லையின் சுவரோடு கோட்டை நிறுத்தினால் கணக்கு அழகாக இருக்கும். ஆனால் நான் வாங்கும் தீவனத்தில் சோயா இருக்கிறது, மீன்தூள் இருக்கிறது. அந்தச் சோயா எங்கோ ஒரு கரிசல் நிலத்தில் மழைகுடித்து விளைந்தது. கீரை உண்ட நைட்ரஜன் அங்கிருந்து வந்தது. மேலும், என் மீன்கள் உணவுக்கல்ல. கோய் கெண்டையும் தங்கமீனும்தான். சைவத் தெருவில் கொல்லையில் மீனைக் கொல்வது வாடகை ஒப்பந்தத்தில் எழுதப்படாத முதல் விதியை மீறுவதாகும். எனக்கும் அதில் வருத்தமில்லை. ஆனால் கையேடுகள் ஒரே நீரில் இரண்டு விளைச்சல் என்று கணக்கிடும்போது, எனக்கு விளைச்சல் ஒன்றே. திலாப்பியாவை வைத்துக் கணக்கிடும் கட்டுரையை என் கொல்லைக்கு மேற்கோள் காட்ட முடியாது.

அப்படியானால் ஏன் தொடர்கிறாய் என்று நெறியாளர் ஒருவர் நேரடியாகவே கேட்டார். எனக்கு மகிழ்ச்சி தருகிறது என்பது ஒரு விடை; அதை ஆய்வேட்டில் எழுத முடியாது. இன்னொரு விடை, இது பாலையில் கூடாது என்று நான் நினைக்கவில்லை என்பது. ஆண்டு முழுவதும் ஒரே வேகத்தில் நடத்துவதுதான் கூடாது. ஆகவே இப்போது பங்குனி பிறந்ததும் ஒரு பாத்தியை மூடிவிடுகிறேன். சல்லியை ஈரமாக வைத்து மேலே பலகை போட்டால் நுண்ணுயிரிகள் பிழைத்துக்கொள்ளும். மற்றதில் பசலை மட்டும். தீவனம் பாதி. நீர்ப்பரப்பு முழுவதற்கும் தெர்மோகோல் பலகை மிதவை. மீனுக்கு மூச்சுவிடக் காற்றேற்றி இருக்கும் மூலை மட்டும் திறப்பு. இழப்பு நாளுக்கு ஒரு குடத்துக்குள் வந்துவிடுகிறது. அந்த ஒரு குடமும் தகரக் கொட்டகையின் மழைநீர். புரட்டாசிக்கு மேல் இரண்டு பாத்தியும் முழுவீச்சில். மார்வாரின் உழவரும் மழைக்காலத்தில் விதைத்து, கோடையில் நிலத்தைச் சும்மா விடுபவர்தான். எக்கியும் வடிகுழாயும் வைத்திருப்பதால் நான் அந்தப் பருவ ஒழுக்கத்துக்கு விலக்குப் பெற்றவன் அல்லன்.

எஞ்சும் உப்புக்கு ஒரு வெளியேற்றம் வேண்டும். மாதம் ஒருமுறை, தொட்டியின் அடியில் படிந்த கசடோடு மூன்று வாளி நீரை இறைத்து, கொல்லையின் மேற்கு மூலையில் நிற்கும் ஜால் மரத்துக்கு ஊற்றுகிறேன். இங்கே காரா ஜால் என்பார்கள். இராமநாதபுரக் கடற்கரையிலும் அது உண்டு. குறுந்தொகையின் பாலைப் பாடலில் வரும் உகாய் இதுவே என்பர். மீனுக்கும் கீரைக்கும் ஆகாத உப்பை அது பொறுத்துக்கொள்கிறது. அடிமரத்தைச் சுற்றி வெண்படலம் மெல்லப் படிந்து வருகிறது. மழைக்காலத்தில் கரைந்து இறங்கிவிடும். எவ்வளவு ஆழத்துக்கு என்று அளந்து வருகிறேன்.

இந்த ஆண்டின் நஹர்பந்தி அறிவிப்பு இன்னும் வரவில்லை. மூன்று கறுப்புத் தொட்டிகளில் இரண்டு கழுத்துவரை நிறைந்திருக்கின்றன, மூன்றாவதில் பாதி. நேற்று மாலை மாஜீசா வந்து மூன்றையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, "நூற்றறுபது குடம் இருக்கும்" என்றார். அளவுக்கோலை விட்டுப் பார்த்தேன்; 2,450 லிட்டர் இருந்தது.